ட்ரிபியூட் அல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பை எழுதுவது எப்படி: புரோபொட்டை வைத்து ஒரு செய்முறை

கிளிநொச்சியில் ஹெவி மெற்றல் (பாரமான கிற்றார் ரொக் இசை) கேட்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனால் அதில் பாதிப் பேருக்குத் தமிழில் அதைப் பற்றி எழுத ஆசை. பாட்டைப் பற்றி நாலு பந்தி கடகடவென்று வந்துவிடும். "வெளிவந்த நேரம் விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்" என்ற பந்தியில்தான் எல்லாரும் மாட்டுப்படுவது. இந்தப் பதிவு அந்த ஒரு பந்திக்கு மட்டும். ட்ரிபியூட் அல்பம் என்றால் தனக்குப் பிடித்த கலைஞர்களுக்கு மரியாதையாகச் செய்கிற அல்பம். உதாரணத்துக்கு 2004 பெப்ரவரியில் வந்த 'புரோபொட்' அல்பத்தை எடுக்கிறேன். ரிஃப் என்றால் திரும்பத் திரும்ப வருகிற கிற்றார் மெட்டு, டூம் என்றால் மெதுவான பாரமான மெற்றல்; இதற்கு மேல் விளக்கப் போவதில்லை. 

1. எந்த வகை ட்ரிபியூட் என்று பாருங்கோ

ட்ரிபியூட் என்றதும் பழைய பாட்டைத் திருப்பிப் பாடியது என்று முடிவு கட்ட வேண்டாம். புரோபொட் அப்படியில்லை. நிர்வானா என்ற ரொக் குழுவில் ட்றம்ஸ் அடித்து, பிறகு ஃபூ ஃபைற்றேர்ஸ் குழுவைத் தொடங்கிய டேவ் குறோல், தன் இளவயதில் கேட்டு வளர்ந்த மெற்றல் பாடகர்களுக்கென்று புதிதாகவே மெட்டுப் போட்டார். பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துப் பதிந்து பாடகர்களுக்கு அனுப்ப, அவர்கள் வரி எழுதிப் பாடினார்கள். வெனம் குழுவின் குரோனோஸ், மோட்டர்ஹெட்டின் லெமி, செல்ற்றிக் ஃபுரோஸ்ற்றின் ரொம் வாரியர், வொய்வொட்டின் ஸ்னேக், கிங் டயமண்ட் என்று 11 பாட்டுக்கு 11 குரல். கடைசிப் பாட்டுக்குப் பிறகு ஒளித்து வைத்த ஒன்றும் இருக்கிறது, அதில் நடிகர் ஜாக் பிளாக் பாடுகிறார்.

இதே 2004இல் சிக்ஸ் ஃபீற் அண்டர் குழு, ரொக் குழுவான ஏசி/டிசியின் 'பாக் இன் பிளாக்' அல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உறுமல் குரலில் பாடி 'கிரேவ்யார்ட் கிளாசிக்ஸ் 2' என்று வெளியிட்டது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அங்கே விமர்சகர் மூலத்தைப் பக்கத்தில் வைத்து அளக்கிறார். புரோபொட்டில் அளக்க மூலமே இல்லை. மெட்டு அந்தக் குரலுக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்க்க முடியும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து "ட்ரிபியூட் அல்பங்கள் பெரும்பாலும்..." என்று தொடங்குகிற பந்தியை அழித்துவிடுங்கோ.

2. முழுதாகக் கேளுங்கோ

வயர் வைத்த ஹெட்போனில். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிற்றார் கேட்காது. புளூடூத்தும் எனக்குப் பிடிக்காது, கரண்ட் இல்லாத நாளில் சார்ஜ் போட அதுவும் ஒரு சாமான்.

3. விமர்சனங்களைத் திகதியோடு சேருங்கோ

2004இல் எழுதப்பட்டவற்றில் பல இணைப்புகள் இன்று செத்துவிட்டன. செத்த முகவரியை வேபாக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற தளம்) போட்டால் பல நேரம் பழைய பக்கம் கிடைக்கும். திறந்தவுடன் படம் பிடித்து வையுங்கோ. டேற்றா முடிந்த பிறகு திரும்பத் தேடுவது எரிச்சல். எக்செல் வேண்டாம், கொப்பி போதும்: யார், எங்கே, எப்போது, எத்தனை புள்ளி.

திகதிதான் முக்கியம். டெசிபெல் என்ற மெற்றல் சஞ்சிகையின் முதல் இதழ் வந்ததே 2004 ஒக்ரோபரில். அதில் இந்த அல்பத்தைப் பற்றி என்ன வந்திருந்தாலும் அது பின்னாளைய பார்வை, வெளிவந்த நேரத்து வரவேற்பில் சேராது.

4. விமர்சகரை இரண்டு பக்கமாகப் பிரியுங்கோ

எனக்குக் கன நேரம் எடுத்தது இந்தப் படிதான். சேர்த்த விமர்சனங்கள் எல்லாம் "நல்லது" என்றே சொல்லும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடொன்று பேசாது.

முல்லைத்தீவில் வற்றாப்பளைப் பக்கம் கோவலன் கூத்துப் பார்க்கிற இரண்டு பேரை நினையுங்கோ. அந்தப் பக்கத்துக் கூத்துப் பாணியான முல்லைமோடி தெரிந்த பெரியவர், கூத்துப் பழக்கின அண்ணாவியார் பாட்டை எந்த இடத்தில் எடுத்தார், ஆட்டம் தாளத்தில் நின்றதா என்று பார்ப்பார். கொழும்பிலிருந்து வந்த விருந்தாளி உடுப்பையும் விடிய விடிய ஆடின உழைப்பையும் புகழ்வார். இரண்டு பேரும் "அருமை" என்பார்கள். அந்த இரண்டு அருமையையும் கூட்டி இரண்டால் பிரித்து என்ன செய்வது?

புரோபொட்டிலும் இதுதான். ரொக் பக்கத்து ஆளுக்குக் குறோலைத் தெரியும். வானொலிக்கு இனிமையான பாட்டுப் போடுகிறவர் இவ்வளவு பாரமாக வாசிக்கிறாரே என்பது அவருக்கு வியப்பு. பாடகர் பட்டியல் அவருக்கு வெறும் பெயர்கள். மெற்றல் பக்கத்து ஆளுக்கு அந்தப் பெயர்கள்தான் எல்லாம். லெமியின் பாட்டு மோட்டர்ஹெட் வேகத்தில் ஓடுகிறதா, ஸ்னேக்குக்குப் போட்ட ரிஃப்பில் வொய்வொட்டின் கோணல் இருக்கிறதா என்று கேட்பார். பெரிய கொம்பனிக்குப் போகாமல் சதேர்ன் லோர்ட் என்ற சின்ன டூம் நிறுவனத்தில் வெளியிட்டதும் அவருக்கு ஒரு சான்று. குறையும் அப்படியே பிரியும். 11 குரல் இருப்பதால் அல்பம் ஒட்டாமல் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், அதே காரணத்தை மற்றவர் புகழ்வார்.

கொப்பியில் இரண்டு நிரல் போட்டு ஒவ்வொருவரையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கோ. பந்தி அதற்குப் பிறகு தானாக வரும்.

5. புள்ளி

கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், விமர்சகர்களின் புள்ளிகளைச் சேர்த்து நூறுக்குச் சராசரி போடுகிற மெற்றாகிரிற்றிக் தளத்தில் 60 ஆகும். அங்கே 61 முதல்தான் நல்ல வரவேற்பைக் காட்டுகிற பச்சை; அதற்குக் கீழே கலவையானதைக் காட்டுகிற மஞ்சள். "கேட்கலாம், நல்லாயிருக்கு" என்று எழுதினவர் அதனால் மஞ்சளில் போய் உட்காருவார். கெராங் என்ற ரொக் சஞ்சிகை அந்தக் காலத்தில் நட்சத்திரத்துக்குப் பதில் கே (K) எழுத்தைப் போட்டது, அதுவும் ஐந்துக்குத்தான். நான் சராசரியை எழுதுவதில்லை. எழுதியே ஆக வேண்டும் என்றால் யார் கணக்கிட்டது என்று சொல்லுங்கோ.

6. எழுதுங்கோ

இப்படித் தொடங்கலாம்: "புரோபொட்டுக்குப் பொதுவாக நல்ல வரவேற்பு இருந்தது. ரொக் எழுத்தாளர்கள் குறோலின் இன்னொரு முகத்தைக் கண்டார்கள்; மெற்றல் எழுத்தாளர்கள் அவர் ஒவ்வொரு பாடகரையும் எவ்வளவு கவனித்துக் கேட்டிருக்கிறார் என்பதைக் கண்டார்கள்." பிறகு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவரைப் பெயரோடு காட்டுங்கோ. "விமர்சகர்கள் கொண்டாடினார்கள்" என்று மொட்டையாக எழுதினால் நான் வாசிப்பதை நிறுத்திவிடுவேன்.

பிற்சேர்க்கை: முல்லைத்தீவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணை, எழுதினவர் எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?" முதல் பந்தியில் யாருடைய பெயர் முதலில் வருகிறது என்று பாருங்கோ தம்பி. குறோலா, பாடகரா? பெரும்பாலும் அதுவே போதும். இரண்டும் வராவிட்டால் அவர் நிறுவனம் அனுப்பிய அறிமுகக் குறிப்பைப் பார்த்து எழுதியிருக்கக்கூடும், விட்டுவிடுங்கோ.

இன்னொன்று: லெமி 2015 டிசம்பரில் இறந்த பிறகு எழுதப்பட்டவற்றை ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். சேர்க்கலாம் அக்கா, ஆனால் தனிப் பந்தியாக. இறந்தவரின் குரலைக் கேட்டு எழுதுகிறவர் குறை சொல்லத் தயங்குவார். இதே அல்பத்தில் பாடின, ட்ரபிள் குழுவின் எரிக் வாக்னரும் 2021இல் போய்விட்டார். அவர் பாடின பாட்டைப் பற்றிய எழுத்துக்கும் இதே விதிதான்.