திருத்துவதிலும் தவறு செய்கிறோம்

2016 டிசம்பர் 5ஆம் தேதி மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா காலமாகிவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன. ராயப்பேட்டை அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சிகிச்சை தொடர்கிறது என்று அப்போலோ மருத்துவமனை மறுத்ததும் கொடி மீண்டும் ஏறியது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக மருத்துவமனையே பின்னர் அறிவித்தது.

இணையத்தில் செய்தி வெளியிடும் ஒவ்வொருவரும் அந்த மாலையை மறக்கக் கூடாது. ஐந்து சேனல்களில் ஓடிவிட்டால் ஐந்து ஆதாரங்கள் கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. ஐந்து பேரும் ஒரே ஆளிடம் கேட்டிருந்தால் ஆதாரம் ஒன்றுதான். கொடி இறங்கியதைப் பார்த்தால் உறுதியாகிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் கொடியை இறக்கியவர்கள் இருந்தது ராயப்பேட்டையில், மருத்துவமனை இருப்பதோ ஆயிரம் விளக்குப் பகுதியில். இந்தத் தகவலை நேரடியாக அறிந்திருக்கக்கூடியவர் யார், அவர் சொல்லிவிட்டாரா? செய்தியைச் சரிபார்த்து வெளியிடும் டெஸ்கில் இருப்பவர் கேட்க வேண்டியது இதைத்தான்.

மூல ஆவணத்தைத் திறந்தே பார்க்காமல் எழுதுவது இன்னொரு பழக்கம். அதே ஆண்டு நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டுக்குள் நானோ சிப் இருக்கிறது என்ற கதை தொலைக்காட்சி வரை போனது. நோட்டின் அம்சங்களை ரிசர்வ் வங்கி பட்டியலிட்டே வெளியிட்டிருந்தது. அந்தப் பட்டியலில் சிப் கிடையாது. இரண்டு நிமிட வேலை. 2015 சென்னை வெள்ளத்தின்போது கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவிய வதந்தியும் அப்படித்தான். பண்ணைக்கு ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். அவர்கள் அதைத் திட்டவட்டமாக மறுத்தார்கள்.

ஆனால் என் அனுபவத்தில் வதந்தியைவிட அதிகமாகக் காலை வாருவது எண்தான். வெளிநாட்டுச் செய்தி ஏஜென்சிகள் தரும் எண் மில்லியனில் வரும், நாம் லட்சத்தில் எழுதுவோம். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரவு ஒன்றரை மணிக்கு அதே கணக்கு கை நழுவும். நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் 2.5 மில்லியன் பேர் இடம்பெயர்ந்த செய்தியை ‘2.5 லட்சம் பேர்’ என்று தலைப்பிட்டு வெளியிட்டேன். காலையில் ஒரு வாசகர், “ஒரு பூஜ்ஜியம் குறைகிறதே, சரிபாருங்கள் ஐயா” என்று எழுதியிருந்தார். சதவீதமும் இப்படி ஏமாற்றும். வட்டி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் உயர்வு 2 சதவீதப் புள்ளிகள். ‘2 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால் பிழை.

சொல்லிலும் கவனம் தேவை. கைதானவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன் ‘குற்றவாளி’ என்று தலைப்பிட்டால், பிறகு அவர் விடுதலையானாலும் அவருடைய பெயரைத் தேடுகிறவர்களுக்கு அந்தத் தலைப்புதான் முதலில் கண்ணில் படும்.

அந்த 2.5 லட்சத்துக்கு வருகிறேன். நான் என்ன செய்தேன்? சத்தமில்லாமல் தலைப்பை மாற்றினேன். வாசகருக்குப் பதில் எழுதவில்லை, செய்தியின் கீழே குறிப்பும் போடவில்லை. தவறைவிடப் பெரிய தவறு அது என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். காலையில் படித்தவர் ஓர் எண்ணையும் மாலையில் படித்தவர் வேறோர் எண்ணையும் வைத்துக்கொண்டு வாதிடுவார்கள்; இருவரும் நம்மையே ஆதாரமாகக் காட்டுவார்கள். செய்தியை அடியோடு நீக்குவது இதைவிட மோசம். பழைய ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டே இருக்கும், அது தவறு என்று சொல்ல நம் பக்கத்தில் ஒரு வரிகூட இருக்காது.

‘இச்செய்தி புதுப்பிக்கப்பட்டது’ என்று போட்டுவிட்டுத் திருத்தம் என்று சொல்லிக்கொள்வதும் வாசகரை ஏய்ப்பதுதான். புதுத் தகவல் சேர்ப்பது வேறு, பிழையை ஒப்புக்கொள்வது வேறு. நான் எழுதியிருக்க வேண்டியது இது: “திருத்தம்: இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை 2.5 லட்சம் என்று முதலில் வெளியிட்டிருந்தோம். 25 லட்சம் என்பதே சரி. தவறுக்கு வருந்துகிறோம்.” கூடவே திருத்திய தேதியும் நேரமும். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 2006இல் வாசகர்களின் புகார்களைக் கவனிக்க வாசகர் ஆசிரியர் என்ற தனிப் பொறுப்பையே உருவாக்கி, நாள்தோறும் திருத்தங்களை அச்சிட்டது. அந்தப் பத்தியை விரும்பிப் படித்தவர்கள் உண்டு.

இணையத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தலைப்பை மாற்றினாலும் இணைப்பு முகவரியில் பழைய எண் அப்படியே நிற்கும். பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பகிர்ந்த படத்தில் பழைய தலைப்பே தெரியும். மொபைலில் ஒருவர் படித்துவிட்ட அறிவிப்பைத் திரும்பப் பெற வழியில்லை. தவறு அறிவிப்பாகப் போயிருந்தால் திருத்தமும் அறிவிப்பாகவே போக வேண்டும். பகிர்ந்த பக்கங்களிலெல்லாம் அதையும் பகிர வேண்டும்.

மூன்று நாள் கழித்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அந்தப் பழைய தலைப்பை அனுப்பியிருந்தார். போன் செய்து, தப்பு என்னுடையதுதான் மாமா என்று சொன்னேன். உடனே நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் வேறு நான்கு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். அங்கிருந்து யார் யாருக்குப் போனதென்று அவருக்கும் தெரியவில்லை.