டபராவின் மையம் எங்கே?

மாலையில் திண்ணைக்கு ட்யூஷன் வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்டப் பாடத்தைக் காம்பஸ் இல்லாமல்தான் தொடங்குவேன். காபி டபராவைத் தாளில் கவிழ்த்துச் சுற்றி வரையச் சொல்லிவிட்டு, "மையம் எங்கே?" என்று கேட்பேன். ஆளுக்கொரு இடத்தில் புள்ளி வைப்பார்கள்.

நீங்களும் ஒன்று வரையுங்கள். மூலை மடங்காத இன்னொரு தாளை எடுத்து, அதன் மூலை வட்டத்தின் கோட்டிலேயே உட்காரும்படி வையுங்கள். தாளின் இரண்டு விளிம்புகளும் வட்டத்தை வேறு இரண்டு இடங்களில் வெட்டும். அவற்றைச் சேர்த்தால் அதுதான் விட்டம். மூலையை நகர்த்தி வைத்து இன்னொரு விட்டம் போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம் மையம்.

அரைவட்டத்தில் அமையும் கோணம் 90° என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஏன் என்று பார்க்க, மையத்திலிருந்து மூலை பட்ட புள்ளிக்கு ஓர் ஆரம் வரையுங்கள். இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்றில் சமகோணங்கள் அ, அ. மற்றதில் ஆ, ஆ. பெரிய முக்கோணத்தின் கூடுதல் 2அ + 2ஆ = 180°. அப்படியானால் மூலையில் உள்ள கோணம் அ + ஆ = 90°. அந்த ஓர் ஆரம்தான் எல்லாவற்றையும் செய்தது. வட்டக் கணக்கில் வழி தெரியாமல் நின்றால் நான் முதலில் செய்வதும் அதுவே: மையத்திலிருந்து புள்ளிகளுக்கு ஆரம் போட்டுப் பார்ப்பது.

சரி, உடைந்த வளையலில் சின்னத் துண்டுதான் கையில் இருக்கிறது, என்ன செய்வது? உள்விளிம்பை வரைந்துகொண்டு அதில் இரண்டு நாண்கள், அதாவது வில்லின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடுகள், போடுங்கள். இரண்டுக்கும் மையக்குத்துக்கோடு (நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு) வரைந்தால் அவை மையத்தில் சந்திக்கும். நாணின் இரு முனைகளுக்கும் மையத்திலிருந்து ஒரே தூரம் என்பதால் மையம் அந்தக் கோட்டை விட்டு விலகவே முடியாது.

கணக்காகவும் போடலாம். என் துண்டில் நாண் 4.8 செ.மீ., அதன் நடுவிலிருந்து வில்லுக்கு உயரம் 1.2 செ.மீ. ஆரம் ஆர் என்றால், பிதாகரஸ்படி ஆர்² = 2.4² + (ஆர் − 1.2)². சுருக்கினால் 2.4 ஆர் = 7.2, ஆரம் 3 செ.மீ. விட்டம் 6. வளையல் கடையில் 2-6 என்று கேட்கும் அளவு கிட்டத்தட்ட இதுதான்: 2 அங்குலமும் 16இல் 6 பங்கும்.

அப்புறம் தொடுகோடு, வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் கோடு. பத்தாம் வகுப்புத் தேர்வில் நான் அளவுகோலைக் கண்மதிப்பில் ஒட்டிவைத்து இழுத்துவிட்டேன். நீளம் சரியாக வந்தது, வில் வெட்டிய அடையாளம் இல்லாததால் மதிப்பெண் போனது. இன்னும் ஆறவில்லை.

3 செ.மீ. ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி வெளிப்புள்ளி. மையத்தையும் அந்தப் புள்ளியையும் இணைத்து மையக்குத்துக்கோடு போட்டு நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அதில் காம்பஸை ஊன்றி, வட்ட மையம் வரை விரித்துச் சுற்றுங்கள். பழைய வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களும் தொடுபுள்ளிகள். வெளிப்புள்ளியை அவற்றோடு இணைத்தால் தொடுகோடுகள். டபராவில் வைத்த தாள்மூலையேதான் இங்கேயும்: புதிய அரைவட்டத்தில் கோணம் 90°, ஆகவே ஆரத்துக்குத் தொடுகோடு செங்குத்து.

தொடுகோட்டின் நீளம் 4 செ.மீ. வர வேண்டும். 4.3, 4.4 என்று வந்தால் காம்பஸின் திருகு தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.