பேக்கிங் தெர்மாகோலில் எடை குறைந்த கான்கிரீட் போடுவது எப்படி

டிவி, ஃபிரிட்ஜ் பெட்டியோடு வரும் தெர்மாகோல் மட்காது, எரித்தால் கரும்புகை, குப்பையில் போட்டால் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதை உதிர்த்து ஜல்லிக்குப் பதிலாகப் போட்டால் நல்ல எடை குறைந்த கான்கிரீட் கிடைக்கும். சாதாரண கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ, இது அதில் பாதிதான் வரும், சூட்டையும் குறைவாகவே கடத்தும். எடை குறையும்போது பலமும் குறையும், அதனால் தடுப்புச் சுவருக்கான பிளாக், மாடித் தளத்தின் மேல் சரிவு கொடுக்கும் நிரப்பல், பள்ளமான தரையை உயர்த்துவது, இந்த மாதிரி பாரம் தாங்காத இடங்களுக்கு மட்டும்தான் இது. தூண், பீம், கூரைத் தளம் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

முதலில் தெர்மாகோலை பட்டாணி அளவுக்கு உதிர்த்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்காத இடத்தில், லேசாகத் தண்ணீர் தெளித்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் உருண்டைகள் பறந்து சாக்கடைக்குள் போய்ச் சேரும், அப்புறம் நாம் குப்பையைக் குறைத்ததற்கு அர்த்தமே இல்லை.

அளவு, கன அளவில்: சிமென்ட் 1, மணல் 2, தெர்மாகோல் 4. சிமென்டில் கால் பங்கை எடுத்துவிட்டு அனல்மின் நிலையச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்) சேர்த்தால் அதுவும் கழிவுதான், கலவையும் கொஞ்சம் பிசுபிசுப்பாகி உருண்டைகளைப் பிடித்து வைக்கும்.

பலர் கோட்டை விடுவது கலக்கும் வரிசையில்தான். தெர்மாகோலில் தண்ணீர் ஒட்டாது, எடையும் இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் உருண்டைகள் மேலே மிதந்து, சிமென்ட் கீழே தங்கிவிடும். அதனால் முதலில் தெர்மாகோலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நனைத்து, சிமென்டையும் சாம்பலையும் தூவிப் புரட்டி, ஒவ்வொரு உருண்டையும் சாம்பல் நிறமாகும் வரை சிமென்ட் பால் பூசுங்கள். பிறகுதான் மணல், கடைசியில் மீதித் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் பால் வழிந்தால் தண்ணீர் அதிகம்.

எடை சரியா என்று பார்க்க 10 லிட்டர் வாளியில் கலவையை நிரப்பி நிறுத்துப் பாருங்கள். வாளி எடையைக் கழித்து 12 கிலோ வந்தால் கன மீட்டருக்கு 1,200 கிலோ என்று கணக்கு. ரொம்பக் கூடுதலாக இருந்தால் அடுத்த கலவையில் தெர்மாகோலைக் கூட்டுங்கள்.

அச்சில் போட்ட பிறகு வைப்ரேட்டர் வேண்டாம், அது உருண்டைகளை மேலே ஏற்றிவிடும். கட்டையால் மெதுவாக அழுத்தி மட்டம் செய்தால் போதும். சாம்பல் சேர்த்திருந்தால் குறைந்தது 10 நாள் ஈரமாக வைத்திருங்கள், சாம்பல் மெதுவாகத்தான் பலம் கொடுக்கும். காய்ந்ததும் மேலே கட்டாயம் சிமென்ட் பூச்சு வேண்டும், தெர்மாகோல் 100 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கே இளகிவிடும் என்பதால் நெருப்பு படும் இடத்தில் வெறுமையாக விடக்கூடாது.

தெர்மாகோல் கிடைக்காவிட்டால் உடைந்த செங்கல்லும் ஆகும், எடை இந்த அளவு குறையாது, ஆனால் பலம் கூடுதல். செங்கல் தண்ணீரைக் குடிக்கும், அதனால் முந்தின நாளே ஊறவைத்து மேல் ஈரம் வடிந்த பிறகு போடுங்கள், ஜிப்சம் பூச்சு ஒட்டிய துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். உடைந்த கண்ணாடியை மட்டும் அப்படியே போடாதீர்கள்: சிமென்டின் காரத்தோடு சேர்ந்து நாளடைவில் உப்பி, கான்கிரீட்டையே வெடிக்க வைக்கும்.