சூப்பர்ஹீரோ கேம் நடத்த எந்த சிஸ்டம்? ஜிஎம் ஒரே சீனை வச்சு டெஸ்ட் பண்ணிப் பாக்கற வழி

புதுசா சூப்பர்ஹீரோ டேபிள்டாப் கேம் (மேசையைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டிக் கதையா ஆடறது) நடத்தப் போறவங்க எந்த சிஸ்டம், அதாவது எந்த ரூல் புத்தகம், நல்லதுன்னு கேட்டா வர்ற பதில் பூரா பிளேயர் பக்கத்துல இருந்துதான் வரும், இதுல பவர் நிறைய இருக்கு, அதுல கேரக்டர் பண்றது ஜாலின்னு. ஆனா பிளேயர் பாத்துக்க வேண்டியது தன் கேரக்டரோட ஒரே ஒரு ஷீட்தான். வில்லன், அடியாட்கள், இடியுற பாலம், அலறுற ஜனங்க, மிச்சம் அத்தனையும் கேமை நடத்தற ஜிஎம் தலையில. அதனால நம்ம கைக்கு எவ்ளோ வேலை வருதுன்னு பாத்து எடுக்கறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

ஸ்டெப் 1: சீனை எழுதி வைங்க

பாலத்துல பஸ் ஒண்ணு பாதி வெளிய தொங்குது, உள்ள ஜனங்க. ஒரு பெரிய வில்லன், கூட ஆறு அடியாட்கள், ரெண்டு ஹீரோ. காப்பாத்தறது, பெரிய ஆளோட மோதறது, கூட்டத்தைச் சாய்க்கறது, இந்த மூணும் சீன்ல கண்டிப்பா இருக்கணும், அப்பத்தான் எந்த சிஸ்டம் எங்க திணறுதுன்னு பிடிபடும். தனியா உக்காந்து ரெண்டு ஹீரோவையும் நீங்களே ஓட்டினாலும் போதும்.

ஸ்டெப் 2: மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்

2011ல வந்த மூணாவது எடிஷனை எடுத்துக்கோங்க. 20 பக்க டைஸ், அடி விழ விழக் குறையற ஹிட் பாயிண்ட்னு ஒண்ணு கிடையாது. வில்லன் ஒரு காரைத் தூக்கி ஹீரோ மேல அடிக்கிறான், அடி பட்டுடுச்சு, அடியோட பலம், அதாவது டேமேஜ் ரேங்க், 10ன்னு வைங்க. அதோட 15 கூட்டுங்க, ஹீரோ தொட வேண்டிய நம்பர் 25. ஹீரோவோட டஃப்னஸ் (அடி தாங்கற சக்தி) 10, டைஸ்ல 12 விழுந்தா மொத்தம் 22, அஞ்சுக்கும் கம்மியாத்தான் தவறுது, அதனால அடுத்து போடற டஃப்னஸ் ரோல் ஒவ்வொண்ணுலயும் 1 குறையும், அவ்ளோதான். டைஸ்ல 8 விழுந்திருந்தா 7 வித்தியாசத்துல தவறியிருக்கும், அந்த 1 குறையறதோட ஹீரோ ஒரு ரவுண்டு தடுமாறி நிப்பான். அடியாள் இதே ரோல்ல தோத்தா நேரா அவுட், ஆறு பேருக்கும் தனித்தனியா கணக்கு வச்சுக்க வேண்டாம்.

வேலை முழுக்க கேமுக்கு முன்னாடிதான். ஹீரோக்கள் எவ்ளோ பலசாலின்னு சொல்ற பவர் லெவல் 10ன்னா ஹீரோவைக் கட்ட 150 பாயிண்ட், வில்லனையும் அதே மாதிரி ஒவ்வொரு பவரா கட்ட உக்காந்தா ஒரு சாயங்காலமே போயிடும், ஆரம்பத்துல புத்தகத்துல இருக்கற ரெடிமேட் ஆளுங்களையே இறக்குங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஹீரோ பாயிண்ட், இக்கட்டுல பிளேயர் செலவழிச்சுக்கறது. கதைக்காக வில்லன் தப்பிக்கணுமா, தப்பிக்க விடுங்க, பதிலுக்கு பிளேயருக்கு ஒரு பாயிண்ட் குடுத்துடுங்க. யாருக்கும் ஏமாந்த மாதிரி இருக்காது.

ஸ்டெப் 3: சாம்பியன்ஸ்

1981ல இருந்து இருக்கற சிஸ்டம். 12 செகண்டை 12 துண்டாப் பிரிச்சிருக்காங்க, ஸ்பீட் 4 இருக்கறவன் 3, 6, 9, 12ன்னு இந்தத் துண்டுகள்ல ஆடுவான், ஸ்பீட் 5ன்னா 3, 5, 8, 10, 12. வேகமான ஹீரோ வேகமாத்தான் இருக்கான்னு இதுல மாதிரி வேற எங்கயும் நான் பார்த்ததில்ல. ஆனா அந்த சார்ட்டை யார் பிடிச்சுட்டு இருக்கறது, நீங்கதான். நான் முதல் தடவை நடத்தினப்போ வில்லனோட 8ஐ தாண்டிப் போயிட்டேன், 10 வந்தப்புறம்தான் கவனிச்சேன், திரும்பிப் போகவும் முடியல. அதுல இருந்து 1ல இருந்து 12 வரைக்கும் ஒரு தாள்ல கோடு போட்டு யார் எங்கன்னு பேர் எழுதி நடுவுல வச்சுடறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. டேமேஜ் டைஸையும் ரெண்டு தடவை எண்ணணும், கூட்டுத்தொகை மயக்கத்துக்கு, அப்புறம் 1 விழுந்தா சைபர், 6 விழுந்தா ரெண்டு, மத்ததெல்லாம் ஒண்ணுன்னு உடம்பு காயத்துக்கு. கணக்கு பிடிச்சவங்களுக்கு இது சொர்க்கம்.

ஸ்டெப் 4: மாஸ்க்ஸ்

டீன் ஏஜ் ஹீரோக்கள் மட்டும். ஜிஎம் டைஸே தொட மாட்டாங்க, பிளேயர் ரெண்டு ஆறு பக்க டைஸ் போடுவாங்க. பஸ்ஸைப் பிடிக்கற ஹீரோவுக்கு 7ல இருந்து 9க்குள்ள வந்தா பிடிச்சுட்டான், ஆனா ஒண்ணு அவன் பயம், கோபம், குற்ற உணர்ச்சின்னு ஒரு கண்டிஷனை மார்க் பண்ணணும், இல்லன்னா பிடி ரொம்ப நேரம் நிக்காதுன்னு நீங்க சொல்லலாம். வில்லனுக்கும் நம்பர் இல்ல, ஒரு ஆசையும் சில கண்டிஷனும்தான், பத்து நிமிஷத்துல ரெடி. அந்த மிச்சமான நேரத்தை டேபிள்ல வட்டியோட திருப்பிக் கட்டணும், ஏன்னா யார் யாரை எப்படிப் பாக்கறாங்கன்னு ஒவ்வொரு நிமிஷமும் நீங்க யோசிச்சுட்டே இருக்கணும். சரியா திட்டத் தெரியாத ஜிஎம்முக்கு இது கஷ்டம், ஹீரோவோட அம்மாவா, வாத்தியாரா மாறி மனசுல படற மாதிரி பேசணும்.

சென்டினல் காமிக்ஸ் சிஸ்டம் சாம்பியன்ஸுக்கும் மாஸ்க்ஸுக்கும் நடுவுல. அடியாள்னா ஒரு டைஸ், அவ்ளோதான். சீன் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு நகரும், சிவப்பு வந்தா ஹீரோக்களோட பெரிய பவரெல்லாம் திறக்கும், டென்ஷன் தானா ஏறும்.

ஸ்டெப் 5: மூணு விஷயம் குறிச்சுக்கோங்க

ஒவ்வொரு சிஸ்டத்துலயும் சீன் முடிஞ்ச உடனே, மறக்கறதுக்குள்ள, புத்தகத்தை எத்தன தடவை திறந்தீங்க, பஸ் எப்ப ஞாபகத்துல இருந்து நழுவுச்சு, வில்லன் வாயைத் திறந்து ஏதாவது பேசினானான்னு எழுதுங்க. மூணாவதுதான் எனக்கு முக்கியம், கணக்குல மூழ்கிட்டா முதல்ல ஊமையாறது வில்லன்தான். அவன் எதுல அதிகம் பேசினானோ அதுல அதே பாலம் சீனை நிஜ பிளேயர்ஸோட ஒரு மணி நேரம் ஓட்டுங்க, கேம்பெய்ன் (பல நாள் தொடர்ந்து ஆடற கதை) பேச்சை அதுக்கப்புறம் எடுக்கலாம்.