கல்யாணப் படம் எடுக்க எந்த பிரைம் லென்ஸ்? உங்கள் பழைய படங்களைக் கேளுங்கள்

நான் முதலில் வாங்கிய பிரைம் (ஜூம் ஆகாத, ஒரே ஃபோக்கல் லெங்த் உள்ள லென்ஸ்) 85 மி.மீ. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், முகம் அழகாக வரும், பின்னணி கரைந்துவிடும் என்று. வந்ததும் உண்மைதான். ஆனால் மணப்பெண் தயாராகும் அறையில் என் முதுகு சுவரை முட்டி நின்றபோது, ஃபிரேமுக்குள் இருந்தது அந்தப் பெண்ணின் முகமும் ஒரு தோளும் மட்டும். அவளுக்குப் பின்னால் அவளுடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் வெறும் கண்ணால் அதைப் பார்த்தேன், கேமரா பார்க்கவில்லை. லென்ஸ் மாற்றி நிமிர்வதற்குள் அம்மா முகத்தைச் சரிசெய்துகொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் படம் இல்லையே என்பது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்களிடம் ஒரு கேமராவும் ஒரு ஜூம் லென்ஸும் இருக்கிறது, ஒன்றிரண்டு கல்யாணமாவது எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்திறப்பு, எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) எல்லாம் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

படி 1: எண்ணுங்கள்

நீங்கள் இதுவரை எடுத்ததில், வீட்டாருக்குக் கொடுத்த படங்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். எடுத்தது எல்லாம் வேண்டாம், தேறியது மட்டும் போதும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்த ஃபோக்கல் லெங்த்தில் (35, 85 என்று சொல்லும் மி.மீ. எண்) எடுத்தது என்ற விவரம் எக்சிஃப் தகவலாக, அதாவது கேமரா தானே எழுதிவைக்கும் குறிப்பாகப் பதிவாகியிருக்கும். படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் லைப்ரரி ஃபில்டரைத் திறந்து மெட்டாடேட்டா பகுதியில் ஃபோக்கல் லெங்த்தைத் தேர்ந்தெடுத்தால், எந்த எண்ணில் எத்தனை படம் என்று வரிசையாகக் காட்டிவிடும். எனக்குப் பிடித்தது எக்சிஃப்டூல் என்ற, இந்தத் தகவலைப் படிக்கும் மென்பொருள், இலவசம். மொத்த ஃபோல்டரையும் ஒரு அட்டவணையாக எடுத்து ஷீட்டில் போட்டுவிடலாம்.

கிராப் சென்சார் கேமரா (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார்) என்றால் வரும் எண்ணை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனான் ஏபிஎஸ்-சி என்றால் 1.6. இனி நான் சொல்லும் எண்கள் எல்லாம் ஃபுல் ஃபிரேம் கணக்கு.

படி 2: எண்ணியதை நம்புவதற்கு முன்

நான் சறுக்கியது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 24-70 ஜூமில் எடுத்தவர்கள் எண்ணிப் பார்த்தால் 24-இல் ஒரு குவியல், 70-இல் ஒரு குவியல், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் பெரும்பாலும் இருக்கும். 70-இல் இவ்வளவு படம் இருக்கிறதே, அப்படியானால் 85 வாங்கலாம் என்று நான் முடிவெடுத்தேன். தப்பு. ஜூமின் இரண்டு முனைகளும் நமக்குப் பிடித்த இடங்கள் அல்ல, வளையம் அதற்குமேல் திரும்பாமல் நின்ற இடங்கள். 70-இல் நின்ற ஒரு படத்துக்கு உண்மையில் 135 தேவைப்பட்டிருக்கலாம். அல்லது லென்ஸே பிரச்சினையாக இல்லாமல், நான் கிட்டே போகக் கூச்சப்பட்டுத் தூரத்தில் நின்றிருக்கலாம். எண் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

அதனால் 70-இல் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எடுத்தபின் ஓரங்களை வெட்டி இன்னும் நெருக்கமாக்கிய படங்கள் ஒரு பக்கம்: அவற்றுக்கு நிஜமாகவே நீள லென்ஸ் வேண்டும். முன்னால் யாருடைய தலையோ தோளோ மறைத்துக்கொண்டிருக்கும் படங்கள் இன்னொரு பக்கம். அங்கே நீங்கள் இரண்டு எட்டு முன்னே போயிருக்க வேண்டும், 50-ஓ 35-ஓ போதும். வெட்டாமல், மறைப்பில்லாமல் அப்படியே நிற்கும் படங்கள் மூன்றாவது, 85-க்கு உரியவை இவைதான். என்னுடையதில் மூன்றில் பெரிய குவியல் அந்த இரண்டாவதுதான். 24-க்கும் இதே மாதிரி பாருங்கள். படத்தின் இரண்டு ஓரங்களிலும் வெறும் சுவரும் காலி நாற்காலியும் இருந்தால் அது 24-க்கான படம் அல்ல, 35 வைத்துக்கொண்டு முன்னே போயிருக்க வேண்டிய படம்.

இந்த வேலைக்கு ஒரு முழு மாலை ஆகும். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

படி 3: தூரத்தை அளந்து பாருங்கள்

முகம் எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். லென்ஸ் அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவை உள்ளே விடுவது என்பதை மட்டும்தான் முடிவு செய்கிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., அதை ஃபோக்கல் லெங்த்தால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால் ஃபிரேமில் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்று வந்துவிடும். 35-க்கு இது மனக்கணக்கு: 3 மீட்டர் தள்ளி நின்றால் 3 மீட்டர் அகலம் தெரியும். 50 என்றால் தூரத்தில் பத்தில் ஏழு பங்கு, 85 என்றால் பத்தில் நான்கு, 135 என்றால் ஏறக்குறைய கால் பங்கு.

கேமராவை நெட்டாகப் பிடித்தால் இதே கணக்கு உயரத்துக்கு. நிற்கும் ஜோடியைத் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு முழுதாக எடுக்க 2.1 மீட்டர் உயரம் வேண்டும் என்று வையுங்கள். 35-க்கு 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 50-க்கு 3, 85-க்கு 5. தயாராகும் அறையில் 5 மீட்டர் எங்கே கிடைக்கும்?

முடிந்தால் முந்தைய நாள் மண்டபத்துக்குப் போய், அறையையும் மேடைக்கு முன்னால் உங்களுக்குக் கிடைக்கப்போகும் இடத்தையும் எட்டு வைத்து அளந்து பாருங்கள். போனில் அளக்கும் ஆப் இருக்கிறது, எனக்கு என் எட்டுதான் சுலபம்.

படி 4: டேப் ஒட்டுங்கள்

வாங்குவதற்கு முன், ஜூமை 35-இல் வைத்து வளையம் நகராதபடி காகித டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டு விசேஷம் ஒன்றை முழுக்க அப்படியே எடுங்கள், காசு வாங்கிய வேலையில் வேண்டாம். அடுத்த முறை 50, அதற்கடுத்து 70. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் கேமராவைத் தூக்கும் முன்பே ஃபிரேமில் என்ன வரும் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். எந்த எண்ணில் அது சீக்கிரம் நடக்கிறதோ, உங்கள் முதல் லென்ஸ் அதுதான்.

படி 5: ஜோடி சேருங்கள்

இரண்டு லென்ஸ் என்றால் ஒன்று மற்றதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காவது இருக்கட்டும். 24-ம் 35-ம் சேர்த்து வாங்கினால் ஒன்று பையிலேயே தூங்கும். என் தேர்வு 35, 85. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் 35, ஜூம் பையில் இருக்கட்டும். 50 நல்ல லென்ஸ்தான், ஆனால் நெருக்கமான அறையில் கொஞ்சம் போதாது, மேடையைத் தூரத்திலிருந்து எடுக்கவும் போதாது. 28-உடன் 50 வைத்து அருமையாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கிட்டே போகத் தயங்காதவர்கள். மேடைப் பக்கமே விடமாட்டார்கள் என்கிற பெரிய மண்டபம் என்றால் 135.

அபர்ச்சர் விஷயத்தில் என் கருத்து தெளிவு: எஃப் 1.8 வாங்குங்கள், 1.4-க்கும் 1.2-க்கும் காசைக் கொட்ட வேண்டாம். 85-ஐ எஃப் 1.8-இல் திறந்து 2 மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக இருப்பது மொத்தம் 6 செ.மீ. ஆழம்தான். மணமகன் ஒரு சாண் பின்னால் நின்றால் அவர் கண் மங்கிவிடும். இருவரும் இருக்கும் படத்துக்கு எப்படியும் 2.8, 3.2 என்று மூடப்போகிறோம். 2.8 ஜூமோடு பார்த்தால் 1.8 சுமார் இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது, ஐஎஸ்ஓ 6400 வைத்த இடத்தில் 2500 பக்கத்தில் நிற்கலாம். எடையையும் பாருங்கள்: சோனியின் 35 எஃப் 1.8 லென்ஸ் 280 கிராம், 85 எஃப் 1.8 லென்ஸ் 371 கிராம். இரண்டும் சேர்ந்தே அவர்களுடைய 24-70 ஜிஎம் 2 (695 கிராம்) லென்ஸைவிடக் குறைவு. பத்து மணி நேரம் கழுத்தில் தொங்கும்போது இதன் அருமை தெரியும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

குழுப் படத்துக்கு 24 வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். இடம் இருந்தால் வேண்டாம். அகல லென்ஸில் ஃபிரேமின் ஓரத்தில் நிற்பவரின் முகமும் உடம்பும் பக்கவாட்டில் இழுபடும். அந்தப் படம் அவர் வீட்டுக்கும் போகும், அவர் பார்ப்பது முதலில் தன்னைத்தான். 35-ஐ வைத்துக்கொண்டு பின்னால் போங்கள், இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6.

மோதிரம் போன்ற சின்னப் பொருளை 85-இல் எடுக்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினார். வாஸ்தவம், பல 85 லென்ஸ்கள் 80 செ.மீ.க்கு உள்ளே ஃபோக்கஸ் ஆகாது. கேனானின் ஆர்எஃப் வகை லென்ஸ்களில் 35 எஃப் 1.8, 85 எஃப் 2 இரண்டுமே பாதி அளவு மேக்ரோ தருகின்றன, அதாவது பொருள் சென்சாரில் தன் நிஜ அளவில் பாதியாக விழும் அளவுக்குக் கிட்டே போகலாம். மற்றவர்களுக்கு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி இன்னும் கிட்டே ஃபோக்கஸ் செய்யவைக்கும் எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று போதும்.

ஒரு ஃபுல் ஃபிரேம் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), ஒரு பழைய கிராப் பாடி இருக்கிறதே என்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஃபுல் ஃபிரேமில் 35 போடுங்கள், கிராப் பாடியில் 50 எஃப் 1.8 போடுங்கள், அது 75 அல்லது 80 ஆக வேலை செய்யும், 85 வாங்கும் செலவைத் தள்ளிப்போடலாம். இரண்டும் கிராப் என்றால் 23-ம் 56-ம் (இவை லென்ஸில் எழுதியிருக்கும் எண்கள், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 35-ம் 85-ம் போல).

இரண்டு பாடி என்றதும் ஒன்று: காலையில் கிளம்பும் முன் இரண்டிலும் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் கணினியில் ஏற்றி நேரப்படி அடுக்கும்போது, மேடையில் நடந்ததும் அதற்கு முன் அறையில் நடந்ததும் கலந்துபோய், ஆல்பத்துக்கு வரிசைப்படுத்தவே ஒரு நாள் போய்விடும்.