வேதியியல் ஆசிரியராக வேண்டுமா? பட்டப்படிப்பை இப்படித் திட்டமிடுங்கள்

சிங்கப்பூர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகப் பணியாற்ற வேதியியல் பட்டம் மட்டும் போதாது. கல்வி அமைச்சு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு தேசியக் கல்விக் கழகத்தில், அதாவது நாம் எல்லாரும் சொல்கிற என்ஐஇயில், பயிற்சி முடிக்க வேண்டும். அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்று தொடங்காமல், எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் எடுக்கப்போகிறோம் என்று தொடங்குங்கள். பட்டம் அதற்கேற்ப அமையட்டும்.

படி 1: உயர்நிலைப் பள்ளியா, ஜேசியா (தொடக்கக் கல்லூரியா)?

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பொதுவாக இரண்டு பாடங்கள் எடுப்பார். உயர்நிலை 1, 2 மாணவர்களுக்கு வேதியியல் தனிப்பாடம் கிடையாது, அறிவியல்தான். அதில் உயிரணு, விசை, மின்சுற்று எல்லாமே வரும். 'நான் கெமிஸ்ட்ரி டீச்சர், தவளை எனக்கு வேண்டாம்' என்று அங்கே சொல்ல முடியாது. தொடக்கக் கல்லூரியில் பெரும்பாலும் ஒரே பாடம். ஆனால் எச்2, அதாவது ஏ லெவலில் பாடத்தை ஆழமாகப் படிக்கும் நிலை, மாணவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள், அதற்குப் பட்டத்தில் ஆழமும் நல்ல தேர்ச்சியும் தேவை.

உயர்நிலைப் பள்ளியை நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2024ல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து ஜி1, ஜி2, ஜி3 என்ற, படிப்படியாகக் கடினமாகும் பாடநிலைகள் வந்துவிட்டன. 2027 முதல் ஓ லெவல், என் லெவல் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சான்றிதழ். நீங்கள் எழுதிய தேர்வும் உங்கள் மாணவர்கள் எழுதப்போகும் தேர்வும் ஒன்றல்ல.

படி 2: இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, பிஜிடிஇ எனப்படும் கல்வியியல் பட்டமேற்படிப்பு டிப்ளோமாவை என்ஐஇயில் முடிப்பது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) வேதியியல், 2021ல் தொடங்கிய மனிதவியல், அறிவியல் கல்லூரியின் கீழ் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (என்டியு) 'வேதியியலும் உயிரிய வேதியியலும்' என்ற பட்டம் உண்டு.

இரண்டாவது வழி, என்டியு வளாகத்திலேயே இருக்கும் என்ஐஇயில் நேரடியாக நான்கு ஆண்டு கல்வியியல் பட்டம் படிப்பது. பாடமும் கற்பித்தலும் அங்கே கூடவே வரும். படிக்கும்போதே பலமுறை பள்ளிக்கு அனுப்புவார்கள்.

எது நல்லது? 18 வயதில் 'ஆசிரியர் வேலைதான்' என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் என்ஐஇக்குப் போகலாம். மனசு கொஞ்சம் ஊசலாடினாலும் முதல் வழிதான் என் பரிந்துரை. வேதியியல் பட்டம் கையில் இருந்தால் மருந்துத் தொழிற்சாலையோ ஜூரோங் தீவின் வேதித் தொழிற்சாலைகளோ, வேறு பிழைப்புக்கும் இடமிருக்கும். கற்பிக்கும் ஆசை அப்போதும் இருந்தால் பிஜிடிஇ எங்கும் ஓடிவிடாது. வீட்டில் 'டீச்சர் வேலைக்கு எதுக்கு இவ்வளவு சுற்று' என்று கேட்டால் இதையே சொல்லிச் சமாளிக்கலாம்.

படி 3: இப்போது படிக்கும் பாடங்கள்

ஜேசியில் இருந்தால் எச்2 வேதியியலோடு எச்2 கணிதத்தையும் விடாதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பயன்முறை வேதியியல், வேதிப்பொறியியல் போன்ற டிப்ளோமா வழியாகவும் பல்கலைக்கழகத்துக்கு வரலாம். ஆய்வுக்கூடத்தில் கைப்பழக்கம் அவர்களுக்குத்தான் அதிகம். என்எஸ் (தேசிய சேவை) போகும் தம்பிகள் குறிப்பேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். இரண்டு ஆண்டு இடைவெளியில் முதலில் மறப்பது மோல் கணக்குதான்.

படி 4: பல்கலைக்கழகத்தில் எதை ஆழமாகப் படிப்பது?

மதிப்பெண் எளிதாக வரும் விருப்பப் பாடங்களாகப் பொறுக்கினால் பட்டம் வந்துவிடும், வகுப்பறையில் திணறுவீர்கள். கனிமம், கரிமம், இயல்பியல் வேதியியல், பகுப்பாய்வு நான்கிலும் அடித்தளம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் செய்யும் சோதனைதான்: காப்பர் சல்ஃபேட் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெளிர்நீல வீழ்படிவு வரும். இன்னும் விட்டால் அது கரைந்து அடர்நீலக் கரைசலாகிவிடும். உயர்நிலை மாணவர் இதைப் பார்த்து எழுதினால் போதும். ஜேசியில், தாமிர அயனியைச் சுற்றியிருந்த நீர் மூலக்கூறுகள் சிலவற்றின் இடத்தை அம்மோனியா பிடிக்கிறது என்றும், அயனியின் டி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் ஒரு வகை இடங்கள்) ஆற்றலில் பிரிவதால் நிறம் வருகிறது என்றும் விளக்க வேண்டும். அவை எவ்வளவு பிரிகின்றன, அந்த இடைவெளி எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று பல்கலைக்கழகத்தில் கணக்காகப் படிப்பீர்கள்.

இனி வகுப்பில் ஒரு கை உயரும்: துத்தநாகத்தின் வீழ்படிவும் அதிக அம்மோனியாவில் கரைகிறதே, அந்தக் கரைசலுக்கு மட்டும் ஏன் நிறமில்லை? துத்தநாக அயனியில் டி ஆர்பிட்டால்கள் முழுவதும் நிரம்பியிருக்கின்றன, அவற்றுக்குள் எலக்ட்ரான் தாவ இடமில்லை. இந்தப் பதிலை 14 வயதுப் பிள்ளைக்குப் பொய் கலக்காமல், பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். மேல்மட்டப் பாடத்தை நன்றாகப் படித்தவருக்குத்தான் எதை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தெரியும். ஒவ்வொரு பருவத்திலும் இப்படி ஒரு சோதனையை எடுத்து, மூன்று நிலையிலும் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அந்தப் பாடத்தைத் திரும்பப் படியுங்கள்.

படி 5: இரண்டாவது பாடம்

இதை எல்லாரும் கடைசி ஆண்டில்தான் யோசிக்கிறார்கள், அதற்குள் காலம் கடந்துவிடும். முதல் ஆண்டிலிருந்தே கணிதம், இயற்பியல், உயிரியல் ஆகியவற்றில் ஒன்றில் சில பாடங்கள் எடுத்து வையுங்கள். இயல்பியல் வேதியியலுக்கு எப்படியும் கணிதம் வேண்டும் என்பதால் நான் கணிதத்தையே சொல்வேன்.

படி 6: கையெழுத்துப் போடுமுன் வகுப்பறைக்குப் போங்கள்

டியூஷன் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை மட்டும் நம்பாதீர்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு பிள்ளைக்குச் சொல்வதும், மதியம் இரண்டு மணிக்கு, பாதிப் பேர் தூங்கி வழியும் பெரிய வகுப்பில் நிற்பதும் வேறு வேறு. ஏ லெவல் முடிந்து பல்கலைக்கழகம் ஆகஸ்ட்டில் தொடங்கும்வரை பல மாதங்கள் கிடைக்கும். அப்போது பள்ளிகளில் ரிலீஃப் டீச்சர், அதாவது விடுப்பில் இருக்கும் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பவர், வேலைக்கு விண்ணப்பிக்கலாம். சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) கல்வித் திட்டங்களில் தொண்டூழியம் செய்யலாம், தமிழில் பேசினால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளை அங்கே நிறையப் பார்ப்பீர்கள். எந்தக் கேள்விக்குத் தடுமாறினீர்கள், யார் ஏன் கவனிக்கவில்லை என்று அன்றன்றே குறித்து வையுங்கள்.

படி 7: விண்ணப்பமும் பிணையும்

பிஜிடிஇ வழியில் விண்ணப்பம் அமைச்சுக்குத்தான் போகும், என்ஐஇ அதற்குப் பிறகு. நேர்முகத் தேர்வில் 'எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்கும்' என்பதை எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் வகுப்பறையில் அன்றன்று எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். பயிற்சிக் கட்டணத்தை அமைச்சு ஏற்கும், பிஜிடிஇ பயிற்சியின்போது சம்பளமும் தரும். பதிலுக்குச் சில ஆண்டுகள் பணியாற்றப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் விலகினால் ஈட்டுத்தொகை கட்ட நேரும். எத்தனை ஆண்டு, எந்த நாளிலிருந்து கணக்கு, விலகினால் எவ்வளவு என்ற மூன்றையும் பெற்றோரோடு உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.