நாயோடு தேரிக்காட்டுக்குப் போக

திருச்செந்தூர் போகிற பலர் காயாமொழிப் பக்கம் வண்டியைத் திருப்புவதே இல்லை. கடற்கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் செக்கச்செவேலென்று மணல்மேடுகள்; அதுதான் தேரிக்காடு. நடுநடுவே பனை, உடைமரம், முந்திரி. மணலில் படிந்த இரும்பு ஆக்சைடு தரும் நிறம் அது. நாய்க்கு இதைவிட நல்ல மைதானம் கிடைக்காது என்று தோன்றும். ஆனாலும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

நெல்லையிலிருந்து பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நாய்க்குச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். விடியும்போது தேரியில் இருந்தால் எட்டரைக்குள் திரும்பிவிடலாம். வெயில் ஏறினால் மணல் கொதிக்கும். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களுக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. கடையில் விற்கும் நாய்ச் செருப்பு இங்கே வீண்: உள்ளே மணல் புகுந்து உரசியே புண்ணாக்கிவிடும்.

கார்த்திகை, மார்கழியில் மழை பெய்த மறுநாள் மணல் இறுகி நடக்கச் சுகமாக இருக்கும். ஆனி, ஆடியில் வேண்டவே வேண்டாம். மேல்காற்று மணலை வாரி இறைக்கும். நாயின் கண் நம் முழங்கால் உயரத்தில், மணல் பறக்கிற மட்டத்திலேயே இருக்கிறது. கண்ணில் விழுந்தால் துடைக்காதீர்கள், சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கார்த்திகைக் கடைசியில் தேரியில் உள்ள கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர்வெட்டுத் திருவிழா, பங்குனி உத்திரம் ஆகிய நாட்களிலும் கூட்டத்துக்கு நடுவே நாயை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இருபது கிலோ நாய்க்குக் குடிக்க இரண்டு லிட்டர், நனைக்கவும் கழுவவும் தனியாக ஐந்து லிட்டர் கேன். கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் கக்கிவிடும்.

கார் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது. சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, முன்னால் மணலை வாரிவிட்டு, காய்ந்த பனையோலை போட்டு மெதுவாக எடுங்கள். மட்டையைப் போடாதீர்கள், அதன் கருக்கு ரம்பம் மாதிரி, கையையும் கிழிக்கும், நாயின் வாயையும் கிழிக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்கப் பம்பு கையோடு இருக்கட்டும்.

கயிறு ஆறடி, கழுத்துக்குப் பதில் மார்புப்பட்டை. தேரியில் வனத்துறைக் காப்புக்காடு உண்டு. மயிலும் முயலும் நடமாடும், வெள்ளாடு மேயும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய் வகையறா ஒரு முயலைக் கண்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. புதரை முகரவிடாதீர்கள், சுருட்டை விரியன் இருக்கும். மாசி முதல் முந்திரிக் கொட்டை உதிரும் காலம். பச்சைக் கொட்டை ஓட்டின் பால் வாயைப் புண்ணாக்கிவிடும், கடிக்கவே விடக் கூடாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பனையாகத் தெரிவதால், கார் நிற்கும் இடத்தைப் போனில் குறித்துவிட்டு நடங்கள். போகும்போது காற்றுக்கு எதிராகப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

கோயிலுக்குள் போவதென்றால் முறைபோட்டு ஒருவர் வெளியே நிழலில் நாயோடு நிற்க வேண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுக் காருக்குள் பூட்டிவைப்பது, பத்து நிமிடம்தான் என்றாலும், கொலைக்குச் சமம்.

நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும். நனைத்துக்கொண்டே பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்; பெரிய சிகிச்சைக்கு நெல்லை இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காரில் ஏறுமுன் நாயின் விரலிடுக்கில் மணலைக் கழுவி, உடைமுள் தைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காதுமடலில் உண்ணி தேடுங்கள். சீட்டில் பழைய சாரத்தை (கைலியை) விரித்துவிட்டால் செம்மண் கறை அதோடு போகும். மறுநாளும் நாய் ஒரு காலைத் தூக்கியே வைத்தால் முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கும். நீங்களே ஊசியால் குடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.